ஓரத்து அக்கா எடுத்துக் கொடுத்த வரி

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? எனக்கு வந்தது மத்தியானம். இரண்டு மணி பதினேழு நிமிடம். என் கைபேசியில் நேரம் பதிவாகியிருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுதுபவள் இல்லை. வக்கீல். பத்தொன்பது வருடமாகப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். 'மேலே சொன்னவை யாவும் உண்மை' என்று ஒரு நாளைக்கு நான்கு பேரிடமாவது கையெழுத்து வாங்குகிறேன். அதில் பாதிப் பேர் புளுகுகிறார்கள் என்றும் தெரியும். ஆனால் இங்கே நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் எனக்கொன்றும் குடி முழுகிப் போகாது.

என் மாமனார் நாடகக்காரர். நாற்பத்தைந்து வருடமாகச் சொந்தக் குழு, சொந்தமாக ஒரு சின்ன அரங்கம். எத்தனையோ நாடகம் போட்டார். பெயர் வாங்கிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு தாய், வீட்டை விட்டுப் போன மகன், திறந்தே கிடக்கும் ஒரு கதவு. அவ்வளவுதான் கதை. இருபத்தாறு வருடமாக ஓடுகிறது. பார்த்தவர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

அதைப் படமாக எடுக்க ஒரு கம்பெனி முன்வந்தது. அவர்களுடைய வக்கீல் லேசுப்பட்ட ஆள் இல்லை. நாடகத்தின் கையெழுத்துப் பிரதியோடு தட்டச்சுப் பிரதியை வரிக்கு வரி ஒப்பிட்டு, பக்கத்துக்குப் பக்கம் ஒரு வக்கீல் கையெழுத்து வேண்டும் என்றார். அதோடு ஒரு பிரமாணப் பத்திரம். 'இந்நாடகத்தை எழுதியவன் நான் ஒருவனே. வேறு எவருக்கும் இதில் பங்கில்லை.' இதை மாமா கம்பெனிக்காரர்கள் முன்னால் வாய்விட்டுப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் சாட்சியாக நான்.

"மருமகளே சாட்சியா?" என்று கேட்டேன்.

"நீங்கன்னா நல்லதுங்க. நாளைக்கு ஏதாச்சும் வில்லங்கம் வந்தா உங்க வக்கீல் பட்டமும் சேர்ந்துதானே போகும்?" என்று சிரித்தார் அந்த ஆள்.

வில்லங்கம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. பதினொரு நாள் முன்பு என் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. ஐந்தே வரி.

'அந்த நாடகத்தை எழுதியது என் அம்மா. நீங்கள் எல்லோரும் ஓரத்து அக்கா என்று கூப்பிட்டவர். எனக்குப் பணம் எதுவும் வேண்டாம். படத்தில் அம்மாவின் பெயரைப் போடுங்கள், அது போதும். என்ன பெயர் என்பதை நேரில் வந்து சொல்கிறேன்.'

ஓரத்து அக்கா யார் என்று சொல்ல வேண்டும். மாமாவின் குழுவில் வசனம் எடுத்துக் கொடுத்தவர். நடிகர் மேடையில் வரியை மறந்து நின்றால், பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து அடுத்த வரியை மெதுவாகச் சொல்வது அவர் வேலை. மேடையின் இடப்பக்க ஓரத்தில் ஒரு மர நாற்காலி. அதன் கையில் நீலத் தாள் ஒட்டிய சின்ன விளக்கு. மடியில் நாடகப் பிரதி. முப்பத்தொரு வருடம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அதனால் ஓரத்து அக்கா. நிகழ்ச்சித் தாளில் விளக்குப் போட்டவர் பெயர் இருக்கும், ஒப்பனை செய்தவர் பெயர் இருக்கும், வாடகைக்கு நாற்காலி தந்த கடையின் பெயர்கூட இருக்கும். இவர் பெயர் இருக்காது. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நடிகர் நின்றவுடன் பாய்ந்து சொல்லமாட்டார். சில சமயம் நடிப்புக்காகவும் நிற்பார்களே. அதனால் பென்சிலின் பின்பக்கத்தால் நாற்காலிக் கையில் மூன்று முறை தட்டுவார். டொக்... டொக்... டொக். அப்போதும் நடிகர் பேசாவிட்டால்தான் வரி வரும். அதுவும் முன்வரிசைக்குக் கேட்காது. யாருக்குத் தேவையோ அவர் காதுக்கு மட்டும் போகும்.

எனக்கே ஒருமுறை வந்திருக்கிறது. கல்யாணமாகி வந்த முதல் வருடம் ஒரு விழாவில் என்னை நன்றி சொல்ல ஏற்றிவிட்டார்கள். தலைமை விருந்தினர் பெயர் சுத்தமாக மறந்துபோய், திருதிருவென்று விழித்தேன். இடப்பக்கம் மூன்று தட்டு. பிறகு அந்தப் பெயர். பேசிவிட்டு இறங்கினேன். முதல் வரிசையில் இருந்த என் கணவருக்கு ஒன்றுமே கேட்கவில்லையாம். எல்லோருக்கும் நன்றி சொல்லப் போனவள் அந்த அம்மாவுக்கு ஒரு நன்றி சொல்லவில்லை.

தொண்டையில் என்னவோ வந்து வேலையை விட்டுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் முன்பு இறந்துபோனார். அதற்கும் போகவில்லை. அன்றைக்கு ஒரு வழக்கு இருந்தது.

கடிதத்தை மாமாவிடம் காட்டினேன்.

"நான் சொல்லச் சொல்ல அவங்க எழுதுனாங்கம்மா. அவங்க கையெழுத்து அழகா இருக்கும். அவ்வளவுதான்," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

சட்டப்படி அது போதும். சொல்வதைக் கேட்டு எழுதிக் கொடுத்தவர் ஆசிரியர் ஆகமாட்டார். அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதினேன். 'எழுதிய கை வேறு, எழுதியவர் வேறு.' அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. என் கணவருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மாலை ஐந்து மணிக்குக் கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. ஒப்பிடும் வேலை மட்டும் பாக்கி. கையெழுத்துப் பிரதி அரங்கத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது மாமாவின் பழைய சட்டம். என் குமாஸ்தா காய்ச்சல் என்று படுத்துவிட்டார். சரி, நானே போகிறேன் என்று கிளம்பினேன்.

1.35. அரங்கத்துக் காவலாளி கதவைத் திறந்துவிட்டார். மேடைக்கு மேலே ஒரே ஒரு விளக்கைப் போட்டார். நடுமேடையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. இரும்பு அலமாரியிலிருந்து பிரதியை எடுத்து வைத்தார்.

"வக்கீலம்மா, நான் சாப்பிட்டு மூணரைக்குள்ள வந்துடறேன். வெளிய பூட்டிட்டுப் போறேன். கண்டவனும் உள்ள வந்துடுவான். அவசரம்னா பின்கதவு இருக்கு, உள்ள தாழ்ப்பாள்தான்."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கத் திரைக்குப் பின்னாடி. ஓரத்து அக்கா நாற்காலியத் தாண்டினா நேரா கதவு."

எட்டிப் பார்த்தேன். நாற்காலி அங்கேயே இருந்தது. அதன்மேல் பழைய உடைகள் அடைத்த அட்டைப்பெட்டி ஒன்று. நீல விளக்கின் வயரைச் சுருட்டி நாற்காலிக் காலில் கட்டியிருந்தார்கள். எல்லாவற்றின் மேலும் தூசி. காவலாளி வெளியே போய்ப் பூட்டும் சத்தம் கேட்டது.

நாடக அரங்கத்துக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே உட்கார்ந்துவிட்டால் மத்தியானமும் ஒன்றுதான், நடுச்சாமமும் ஒன்றுதான். மேசையைச் சுற்றி வெளிச்சம். அதற்கு வெளியே இருட்டு. வெள்ளைத் துணி போர்த்திய இருக்கைகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன.

1.50. கைபேசியில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டேன். ஒப்பிட்டதற்கு ஆதாரம் வேண்டும் அல்லவா? எங்கள் தொழிலில் பத்திரத்தை வாய்விட்டுப் படித்துத்தான் ஒப்பிடுவோம். கண் சொக்கும், காது சொக்காது என்பார்கள். வலது கையில் தட்டச்சுப் பிரதி. இடது கை விரல் கையெழுத்துப் பிரதியில். சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

பதினான்காம் பக்கத்தில் விரல் நின்றது.

கையெழுத்துப் பிரதியில் ஒரு வரி அடிக்கப்பட்டிருந்தது. அதன் மேலே வேறு மாதிரி. அதையும் அடித்து, ஓரத்தில் இன்னொரு மாதிரி. அப்படி ஐந்து தடவை. ஆறாவதுதான் தேறியிருந்தது. அது தட்டச்சில் சரியாக இருந்தது. ஆனாலும் எனக்கு என்னவோ செய்தது. பத்தொன்பது வருடமாக நான் சொல்லச் சொல்ல என் குமாஸ்தா எழுதுகிறார். அவர் தப்பாகக் கேட்டு எழுதுவார். அடிப்பார், திருத்துவார். ஆனால் ஒரே விஷயத்தை ஆறு விதமாக எழுதிப் பார்க்கமாட்டார். அது யோசிக்கிறவரின் கை. கேட்டு எழுதுகிறவரின் கை அப்படிப் போகாது.

இருபதில் ஒன்று. இருபத்து மூன்றில் இரண்டு. முப்பதாம் பக்கம் முழுவதுமே அப்படி.

பார்த்தேன். பார்க்காதது போலப் பக்கத்தைத் திருப்பினேன். ஐந்து மணிக்கு ஆட்கள் வருகிறார்கள்.

2.17. தாகம் எடுத்தது. ஒரு வசனத்தின் நடுவில் நிறுத்திவிட்டுத் தண்ணீர்ப் புட்டியைத் திறந்தேன். தாய் பேசும் இடம். "கதவச் சாத்தாத... " என்பதோடு நிறுத்தியிருந்தேன்.

டொக்... டொக்... டொக்.

இடப்பக்கத்திலிருந்து வந்தது. மரத்தில் மரம் படும் சத்தம். எலியாக இருக்கும் என்று நினைத்தேன்.

"...சாத்துனா அவன் தட்டணும். தட்டுறதுக்கு அவனுக்குக் கூச்சமா இருக்கும்."

மெதுவான குரல். என் இடது காதுக்குப் பக்கத்தில் சொன்னது போல இருந்தது.

தட்டச்சுப் பிரதியைப் பார்த்தேன். அடுத்த வரி அதுதான். ஓர் எழுத்து பிசகவில்லை.

"யாரு?" என்றேன்.



காவலாளி விளையாடுகிறாரா? அவருக்கு வயது அறுபது. விளையாடுகிற ஆளும் இல்லை. எனக்குத்தான் வரி ஞாபகத்தில் இருந்திருக்கும். இந்த நாடகத்தைப் பத்துப் பதினைந்து தடவை பார்த்தவள்தானே நான். மனசு சொல்வது காதில் கேட்டிருக்கும். இப்படியே எனக்கு நானே வாதாடி, எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். தொடர்ந்து படித்தேன். இந்த முறை எங்கேயும் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கக்கூட நிறுத்தவில்லை.

2.40. ஐம்பத்திரண்டாம் பக்கம். இருமல் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. இருமி முடித்தேன்.

டொக்... டொக்...

மூன்றாவது தட்டு விழும் முன் அவசரமாக அடுத்த வரியைப் படித்துவிட்டேன்.

மூன்றாவது தட்டு வரவில்லை.

எலி இப்படிப் பாதியில் நிறுத்தாது. நான் படித்துவிட்டேன், அதனால் நிறுத்தியது. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. உள்ளங்கை வேர்த்துத் தாளில் ஒட்டியது.

திரும்பி நாற்காலியைப் பார்த்தேன்.

அட்டைப்பெட்டி கீழே தரையில் இருந்தது. விழுந்தது போல இல்லை. ஒழுங்காக எடுத்து ஓரமாக வைத்தது போல இருந்தது. விழுந்திருந்தால் எனக்குச் சத்தம் கேட்டிருக்கும். சுருட்டிக் கட்டிய வயர் அவிழ்ந்து தொங்கியது. நாற்காலி காலி.

எழுந்து ஓடியிருக்கலாம். ஏன் ஓடவில்லை என்று என் கணவர் பிறகு கேட்டார். பின்கதவுக்கு அந்த நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்கதவு வெளியே பூட்டியிருக்கிறது. எங்கே ஓடுவது? படித்துக்கொண்டே இருந்தால் அது பேசாது. அது ஒன்றுதான் எனக்குப் புரிந்தது. அதனால் படித்தேன். குரல் நடுங்க நடுங்கப் படித்தேன்.

2.58. எழுபத்தொன்றாம் பக்கம். மகன் திரும்பி வரும் காட்சி. தட்டச்சில் இருந்ததை அப்படியே படித்தேன்.

"உனக்காகத்தான் காத்திருக்கேன்."

டொக். டொக். டொக்.

நான் நிறுத்தவே இல்லை. ஆனாலும் தட்டியது. வேகமாக, கண்டிப்பாக.

"காத்திருக்கல... இங்கதான் இருக்கேன்."

கையெழுத்துப் பிரதியைப் பார்த்தேன். ஐந்து முறை அடித்து, ஆறாவதாக அதே வரி. 'காத்திருக்கல. இங்கதான் இருக்கேன்.' தட்டச்சு செய்தவர் மாற்றிவிட்டிருக்கிறார்.

பேனாவை எடுத்துத் திருத்தினேன்.

திருத்தி முடித்ததும் இடப்பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. வேலை சரியாக நடந்தால் வருமே, அப்படி ஒன்று.

3.09. கடைசிப் பக்கம் முடிந்தது. இனி பிரமாணப் பத்திரம் மட்டும்தான். அதையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தாக வேண்டும். பழக்கதோஷம். என்னை அறியாமலே ஆரம்பித்துவிட்டேன்.

"இந்நாடகத்தை எழுதியவன்..."

நின்றுவிட்டேன்.

அடுத்த வார்த்தை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. வாயில் வரவில்லை.

டொக்...

வேண்டாம் என்றேன். சத்தம் வெளியே வரவில்லை.

டொக்...

தாளின் மேல் லேசாக நீல வெளிச்சம் விழுந்தது.

டொக்.

"நான்."

அந்த ஒரு வார்த்தைதான்.

திரும்பினேன். நாற்காலிக் கையில் நீல விளக்கு எரிந்தது. அதன் வயர் தரையில் கிடந்தது. நுனியில் பிளக் எதிலும் செருகப்படாமல் கிடந்தது.

நாற்காலியில் யாரும் இல்லை.

ஆனால் விளக்குக்குக் கீழே... பக்கம் திரும்பும் சத்தம்.

கைபேசி, பிரதி, பத்திரம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தேன். இருட்டில் இருக்கைகளில் இடித்துக்கொண்டே முன்கதவுக்கு ஓடினேன். தட்டினேன். கத்தினேன். வெளியே யாரும் இல்லை.

பின்னால் மேடையில்... டொக். டொக். டொக்.

"நான்."

கொஞ்ச நேரம் அமைதி.

டொக். டொக். டொக்.

"நான்."

நான் வரியைச் சொல்லும்வரை அது விடாது. நடிகரை விடமாட்டாரே, அதைப் போல. கதவில் முகத்தை வைத்து, காதைப் பொத்திக்கொண்டு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அம்மாவுக்கு நான் செய்யாததை எல்லாம் நினைத்து அழுதேன்.

3.28. பூட்டு திறந்தது.

"என்னம்மா, இப்படி வேர்த்துப்போச்சு? பின்கதவுல வந்திருக்கலாம்ல?" என்றார் காவலாளி.

"அந்த நாற்காலி மேல இருந்த பெட்டிய யாரு இறக்குனா?"

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் வாசலிலேயே நின்றேன். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"பெட்டி நாற்காலி மேலதானே இருக்கு? வயரு கட்டுன மாதிரியே இருக்கு. தூசிகூடக் கலையல."

4.10க்கு வீட்டுக்குப் போனேன். சமையலறைக்குள் என் கணவரை இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒலிப்பதிவைப் போட்டோம். என் குரல் மட்டும்தான் இருந்தது. நான் இருமுகிறேன். 'யாரு' என்கிறேன். 'இந்நாடகத்தை எழுதியவன்' என்று நிறுத்துகிறேன். அமைதி. பிறகு நான் எழுந்து ஓடியதில் என் நாற்காலி விழும் சத்தம்.

"இங்க பாரு. நாலு நாளா நீ சரியா தூங்கல. அப்பாவுக்கு எழுபத்தி நாலு வயசு. இந்த ஒரு நாடகம்தான் அவருக்கு எல்லாம். இன்னிக்கு ஒரு கையெழுத்து போட்டுரு. மத்தத அப்புறம் பாப்போம்," என்றார்.

அந்தப் பெண்ணின் கடிதம் என் கைப்பையிலேயே இருந்தது. இன்றைக்குக் கையெழுத்துப் போட்டால் அவள் அம்மாவின் பெயர் இந்த ஜென்மத்தில் அந்த நாடகத்தின் மேல் வராது. எனக்கு அது நன்றாகத் தெரியும். எல்லாம் தெரிந்தும் முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்தில் போய் உட்கார்ந்தேன். பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டேன். நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். அதை நினைத்தால்தான் இன்றும் எனக்குத் தாங்கவில்லை.

5.20. கம்பெனிக்காரர்கள் மூன்று பேர், அந்த வக்கீல், மாமா, அத்தை, என் கணவர், நான். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மேடைக் குரலில், கம்பீரமாகப் படித்தார்.

"இந்நாடகத்தை எழுதியவன்..."

நின்றுவிட்டார்.

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவர் தலையைப் பார்த்தேன். மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது. வரி மறந்த நடிகர்கள் எல்லோரும் அப்படித்தான் சாய்வார்கள், ஓரத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழ.

எனக்கு எதுவும் கேட்கவில்லை.

என் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று... இரண்டு... மூன்று.

மாமா வாய் திறந்தார். ஒரு பெயரைச் சொன்னார்.

ஒரு பெண்ணின் பெயர். முழுப் பெயர். கணீரென்று, கடைசி வரிசைவரை கேட்கும்படி.

"யாருங்க அது?" என்றார் கம்பெனி வக்கீல்.

மாமா பத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்குக் கையெழுத்து நடக்கவில்லை. 'ஐயாவுக்கு உடம்பு சரியில்லை' என்று என் கணவர் அவர்களை அனுப்பி வைத்தார்.

நான் மாமாவின் அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"இடது காதுல கேட்டுச்சும்மா. மூணு தட்டு. அப்புறம் அந்தப் பேரு. வாய் தானா சொல்லிருச்சு. காதுல விழுந்தா யோசிக்காம சொல்றதுதானே அம்பது வருசப் பழக்கம்."

"அது ஓரத்து அக்கா பேரா மாமா?"

"தெரியாதும்மா. அவங்க பேரு என்னன்னு நான் கேட்டதே இல்ல." பிறகு, "நான் சொல்லி அவங்க எழுதலம்மா. ஒரு வரிகூட நான் சொல்லல," என்றார். எழுபத்து நான்கு வயது மனிதர் அழுவதை அன்றுதான் பார்த்தேன். திட்ட வேண்டும் என்று போனவள், பேசாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

7.25. கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். எடுத்தது அந்தப் பெண்தான். நான் யார் என்று சொன்னதும் குரல் இறுகியது. எழுதிய கை வேறு என்று எழுதியவள் அல்லவா நான்.

"உங்க அம்மா பேரு இதானாம்மா?" என்று மாமா சொன்ன பெயரைச் சொன்னேன்.



"அது அம்மாவோட பேரு இல்ல," என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமா வாயில் ஏதோ ஒரு பெயர் வந்திருக்கிறது, அவ்வளவுதானா என்று நினைத்தேன்.

"அம்மா பேரு வேற. இது அம்மா தனக்குன்னு வச்சுக்கிட்ட பேரு. அந்த நாடகம் என்னிக்காச்சும் அவங்க பேர்ல வந்தா போடணும்னு. கடைசி நாள்ல ஆஸ்பத்திரியிலதான் எனக்கே சொன்னாங்க. சொன்னாங்கன்னா... வாயால சொல்லல. தொண்டைய ஆபரேசன் பண்ணி எடுத்துட்டாங்க. கடைசி மூணு வருசம் அம்மாவுக்குக் குரலே கிடையாது. என் உள்ளங்கையில விரலால எழுதிக் காட்டினாங்க. நான் அத எங்கயும் எழுதி வைக்கல. யார்கிட்டயும் சொல்லல. நான்கூட அந்தப் பேர இதுவரைக்கும் வாய்விட்டுச் சொன்னதில்ல. உங்களுக்கு யாருங்க சொன்னா?"

மத்தியானம் 2.17லிருந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. மூன்று தட்டு, நீல விளக்கு, பெருமூச்சு, மாமாவின் தலை சாய்ந்தது... எல்லாம். முடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

சின்னப் பிள்ளை கேட்பது போல அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மாவுக்குக் குரல் திரும்ப வந்துருச்சாங்க?"